அனிமே பார்த்து ராகுகோவுக்குள் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராகுகோ என்பது ஒரே கலைஞர் உட்கார்ந்தபடியே கதை சொல்லும் ஜப்பானிய மேடைக்கலை. ஷோவா கென்ரோகு ராகுகோ ஷின்ஜூ அனிமேவைப் பார்த்து முடித்த கையோடு, இல்லையென்றால் அகானே-பனாஷி மங்காவை ஒரே மூச்சில் படித்துவிட்டு, நிஜ ராகுகோ எப்படி இருக்கும் என்று தேடி வருபவர்கள் நிறைய இருக்கிறார்கள். சந்தோஷமான விஷயம். ஆனால் பலரும் முதல் வீடியோவிலேயே பத்து நிமிடம் தாண்டாமல் மூடிவிடுகிறார்கள், காரணம் அனிமே அவர்கள் மனதில் ஏற்றிவிட்ட சில எதிர்பார்ப்புகள்.

முதலில், இதை ஜப்பானின் ஸ்டாண்ட்-அப் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். இருவர் நின்றுகொண்டு மாறி மாறி வம்பிழுக்கும் மன்சாயோடும் குழப்ப வேண்டாம். ராகுகோ கலைஞர் மேடையில் ஒரு மெத்தைமேல் மண்டியிட்டு உட்கார்ந்தால் கதை முடியும்வரை எழுந்திருக்க மாட்டார். கையில் ஒரு விசிறி, ஒரு துண்டு, அவ்வளவுதான். 'என்றான்', 'என்றாள்' எல்லாம் அநேகமாகக் கிடையாது, நேராக உரையாடல்தான். யார் பேசுகிறார் என்பதைத் தலை திரும்பும் பக்கம் சொல்லிவிடும்: வீட்டுக்குள் இருக்கும் பெரியவர் பேசும்போது முகம் நமக்கு இடப்பக்கம் திரும்பும், வாசலில் நிற்கும் சின்னவன் பேசும்போது வலப்பக்கம். இதை மட்டும் தெரிந்துகொண்டு பார்த்தால், ஜப்பானிய மொழி புரியாவிட்டாலும் யார் யார் என்பது பாதி பிடிபட்டுவிடும்.

அடுத்தது பெரிய தவறு. மங்காவில் கதை சூடு பிடித்ததும் மேடை மறைந்து எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு ஜப்பான்) தெரு வந்துவிடும், கலைஞரின் முகமே அந்தப் பாத்திரத்தின் முகமாக மாறிவிடும். படம் வரைபவர் கேட்பவரின் மனதுக்குள் ஓடுவதை நமக்காக வரைந்து தருகிறார். நிஜ அரங்கில் அந்த வேலையை யாரும் செய்து தர மாட்டார்கள், நாம்தான் செய்ய வேண்டும். 'ஒன்றுமே நடக்கவில்லையே' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தப் படத்துக்காகக் காத்திருப்பவர்கள். விசிறியின் நுனி உதட்டுக்கு வருவதையும், சர்ரென்று நூடுல்ஸ் உறிஞ்சும் சத்தத்தையும் கவனியுங்கள். கிண்ணம் தானாகத் தெரியும்.

தோக்கி-சோபா என்ற கதையை எடுத்துக்கொள்வோம். இரவு நேரத்தில் ஒருவன் தள்ளுவண்டிக்காரரிடம் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டு, குழம்பு, கிண்ணம், குச்சி எல்லாவற்றையும் புகழ்கிறான். விலை 16 மோன் (அந்தக் காலத்துக் காசு). ஒவ்வொரு காசாக எண்ணிக் கொடுக்கிறான், எட்டு வந்ததும் "இப்போ மணி என்ன?" என்று கேட்கிறான். "ஒன்பது" என்கிறார் கடைக்காரர். "பத்து, பதினொன்று..." என்று இவன் தொடர, ஒரு காசு மிச்சம். இதை ஓரமாக நின்று பார்த்த இன்னொருவன் மறுநாள் அதே தந்திரத்தைச் செய்ய ஆசைப்பட்டுக் கொஞ்சம் சீக்கிரமே கிளம்பி வருகிறான். நூடுல்ஸ் படுமோசம், அதையும் புகழ்ந்தாக வேண்டும். எட்டுவரை எண்ணி மணி கேட்டால், "நான்கு". "ஐந்து, ஆறு..." என்று எண்ணிக்கொண்டே போகிறான், 16 மோன் கொடுக்க வேண்டியவன் 20 கொடுக்கிறான்.

இது புரிய வேண்டுமானால் எடோ காலத்து மணிக்கணக்கு தெரிய வேண்டும். நள்ளிரவு ஒன்பது, அதற்கு முந்தைய மணி நான்கு. இதைப் பல கலைஞர்கள் கதை தொடங்கும் முன் மகுரா என்கிற முன்பேச்சில் சாதாரணமாகப் பேசுவதுபோலச் சொல்லி வைத்துவிடுவார்கள். அதனால்தான் சொல்கிறேன், முன்பேச்சைத் தள்ளிவிட்டு நேராகக் கதைக்குத் தாவாதீர்கள். அன்றைக்கு வந்திருக்கும் கூட்டம் எப்படிப்பட்டது என்று கலைஞர் நாடி பார்ப்பதும் அங்கேதான்.

அப்புறம் 'முடிவு தெரிந்துவிட்டது, இனி எதற்குப் பார்க்க' என்ற எண்ணம். அரங்கில் இருப்பவர்களில் பலருக்கு முடிவு ஏற்கெனவே தெரியும். ஷோவா கென்ரோகுவில் ராகுகோ கலைஞர் யாகுமோவின் கதையாகவே ஆகிவிட்ட ஷினிகாமி என்ற கதையைப் பாருங்கள். எமனை ஏமாற்றிப் பணம் பார்த்தவன், கடைசியில் உயிர் மெழுகுவத்திகள் எரியும் குகையில், அணையப்போகும் தன் சுடரை வேறொரு மெழுகுவத்திக்கு மாற்றப் பார்க்கிறான். சிலர் கை நடுங்கி "அணையுது, அணையுது" என்று சொல்லி அப்படியே மேடையில் சாய்ந்துவிடுகிறார்கள். சிலர் கதையில் சுடரை மாற்றியபின் தும்மி அணைத்துவிடுகிறான். இன்னொரு முடிவில் பகல் வெளிச்சத்துக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் தானே ஊதிவிடுகிறான். ஒரே கதையை இரண்டு மூன்று பேர் சொல்லக் கேட்காதவரை ராகுகோ நமக்குப் பிடிபடாது என்பது என் உறுதியான கருத்து.

எல்லாமே சிரிப்புக்கதை என்றும் எண்ண வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் சான்யூதேய் என்ச்சோ பேய்க்கதைகளால் கூட்டத்தைக் கட்டிப்போட்டவர். குடிகாரக் கணவனைத் திருத்தும் மனைவியின் கதையான ஷிபாஹாமாவுக்கு ஆண்டுக் கடைசியில் கண் கலங்கிப் போகிறவர்கள் உண்டு.

அகானே-பனாஷி படித்தவர்கள் ராகுகோ உலகமே போட்டியும் பழிவாங்கலும்தான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். வாராந்திர ஷோனென் ஜம்ப்பில் 2022 முதல் வரும் தொடர், அந்தப் பத்திரிகையின் வேகம் அதற்கு வேண்டும், தப்பில்லை. போட்டிகள் நிஜத்திலும் உண்டு. ஆனால் கலைஞர்களின் அன்றாட வாழ்க்கை யோசே என்கிற ராகுகோ அரங்குகளில் நடக்கிறது: பத்து நாளைக்கு ஒரு நிகழ்ச்சி நிரல், ஒருவர் பின் ஒருவராகச் சுமார் 15 நிமிடம், கடைசியில் வருபவருக்கு மட்டும் கூடுதல் நேரம். அவருக்கு முன்னால் ஏறுபவர் கூட்டத்தை ஒரேயடியாகச் சிரிக்கவைத்துத் தீர்த்துவிடாமல் அளவோடு இறங்குவது மரியாதை. யாரையும் தோற்கடிக்கும் எண்ணத்தோடு பார்த்தால் இந்த அழகு கண்ணில் படவே படாது. பெண் ராகுகோ கலைஞர்களைப் பற்றிய ஜோஷிராகு அனிமேவோ நேர் எதிர்: ஒப்பனை அறை அரட்டைதான் அதிகம், அதை வைத்து ராகுகோ கற்க முடியாது.

பெண்கள் விஷயத்திலும் கவனம் தேவை. அகானேவும் ஜோஷிராகு பெண்களும் மேடையில் இயல்பாக இருப்பதைப் பார்த்து, ஷோவா கென்ரோகுவில் கொனாட்சு என்ற பெண்ணுக்கு ராகுகோவின் கதவு அடைக்கப்படுவது மிகையான சோகம் என்று சிலர் எழுதுகிறார்கள். டோக்கியோவில் பெண்கள் முதன்முதலாக ஷின்உச்சி என்ற உயர்நிலைக்கு வந்ததே 1993இல்தான். அதே தொடரில் போர்க்காலத்தில் கதைகள் தடை செய்யப்படுவதும் கற்பனை கிடையாது. 1941இல் ராகுகோ கலைஞர்கள் 53 கதைகளை 'இனிச் சொல்வதில்லை' என்று ஒதுக்கி, அசாகுசாவில் ஒரு கோயிலில் நினைவுக்கல்லே வைத்தார்கள். 1946இல்தான் அவை திரும்பி வந்தன.

கடைசியாக, டோக்கியோ வழக்கத்தை ஜப்பான் முழுமைக்கும் பொருத்த வேண்டாம். ஒசாகா பக்கத்து கமிகாதா ராகுகோவில் கலைஞர் முன்னால் சிறு மேசை இருக்கும், அதைத் தட்ட மரக்கட்டை இருக்கும், கதையின் நடுவே இசையும் வரும், ஷின்உச்சி என்ற படிநிலை அங்கே கிடையாது. 2022இல் அனிமேவாக வந்த உச்சி நோ ஷிஷோ வா ஷிப்போ கா நாய் அந்த ஊர்க் கதை. தோக்கி-சோபாவே அங்கே தோக்கி-உதோன் ஆகிவிடும் (உதோன் என்பது தடித்த கோதுமை நூடுல்ஸ்). முதலில் டோக்கியோக்காரர் ஒருவர் சொல்லும் சோபாவைக் கேட்டுவிட்டு, கையோடு ஒசாகாக்காரரின் உதோனையும் கேளுங்கள்.