கேன்சர் சிகிச்சைக்கு உதவி தேடும்போது செய்யக்கூடாத தவறுகள்

பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் நகை அடகுக்குப் போய்விடுகிறது. தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டி, ஆபரேஷனும் இரண்டு கீமோவும் முடிந்து, கையிருப்பு கரைந்த பிறகுதான் "எங்கேயாவது உதவி கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான். பெரும்பாலான உதவிகள் இனி ஆகப்போகும் செலவுக்குத்தான். மத்திய அரசின் ராஷ்ட்ரிய ஆரோக்கிய நிதி, ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டிலும் சிகிச்சைக்கு முன்பே மருத்துவமனை, காப்பீட்டுத் தரப்பிடம் அனுமதி வாங்க வேண்டும்.

அதனால் முதல் வாரமே காப்பீட்டு அட்டையைக் கையில் எடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் விஏஓ தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். பெயரைச் சரிபார்த்துக்கொண்டு போங்கள். ரேஷன் கார்டில் செல்வி, ஆதாரில் தமிழ்ச்செல்வி என்றிருந்தால் அலைச்சல்தான். அந்த அலைச்சலில் போகும் பத்து நாள் நோயாளியுடைய பத்து நாள்.

அட்டை இருந்தாலும், "இந்தச் சிகிச்சைக்கு இங்கே காப்பீடு எடுப்பீர்களா?" என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

தர்ம ஆஸ்பத்திரி என்றால் மட்டமான வைத்தியம் என்று நினைத்து ஒதுங்குவது இன்னொரு தவறு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, இல்லாதவருக்கும் தரமான சிகிச்சை தர வேண்டும் என்றே வளர்ந்தது. டாக்டர் சாந்தா தன் வாழ்நாளையே அதற்குக் கொடுத்தார். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். கூச்சப்படாமல் அவரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். எந்த அறக்கட்டளை எதற்குப் பணம் தரும் என்பது அவருக்குத்தான் தெரியும். கமிஷன் கேட்டுக்கொண்டு வரும் ஆளிடம் ஃபைலைக் கொடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் உதவி கேட்கும்போது ஆதாரையும் முழு ரிப்போர்ட்டையும் போட வேண்டாம். அதை வைத்து வேறு யாரோ பணம் வசூலிக்கலாம். முடிந்தவரை பணம் நேராக மருத்துவமனைக் கணக்குக்கே போகட்டும்.

சரி, கொடுப்பவர்கள் பக்கமும் ஒரு தவறு நடக்கிறது. ஆபரேஷன் என்றால் உடனே கை நீள்கிறது. அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் யாரும் தருவதில்லை. என் பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். கரண்ட் வைப்பதற்கு, அதாவது ரேடியேஷனுக்கு, காப்பீட்டில் பணம் வந்துவிட்டது. ஆனால் வாரம் ஐந்து நாள் என்று 25 தடவை வைக்க வேண்டும். ஊர் நான்கு மணி நேரத் தொலைவு. ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு அறை எடுத்திருந்தோம், தினம் 400 ரூபாய். பதினெட்டாவது தடவை கரண்ட் வைத்த அன்று பெரியம்மா மாத்திரைகளை மஞ்சப்பைக்குள் வைத்துக் கட்டிவிட்டு, "போதும்டா, ஊருக்குப் போயிடலாம்" என்றார். வலி தாங்காமல் அல்ல, வாடகைக்குப் பயந்து. ரேடியேஷனைப் பாதியில் விட்டால் அதன் பலன் குறைந்துவிடும். நல்லவேளை, தெரிந்த ஒருவர் மீதி நாட்களுக்கான வாடகையைக் கட்டினார். மூவாயிரம் சொச்சம்தான்.

ரயில் சலுகையையும் பலர் கேட்பதில்லை. மருத்துவமனை தரும் சான்றைக் காட்டினால், சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை. கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

உதவ நினைப்பவர்கள், ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பதோடு நிறுத்தாமல், அப்புறம் எத்தனை நாள் இங்கே தங்க வேண்டும், கூட யார் இருக்கிறார்கள், அவர் எங்கே சாப்பிடுகிறார் என்றும் கேளுங்கள்.