பயணத்தில் எடுத்த படங்கள்: சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போனில் இடமில்லை என்ற அறிவிப்பைக் கண்டதும், எல்லாம் கூகுள் போட்டோஸில் பத்திரமாக இருக்கின்றன என்று நம்பிப் படங்களை ஒவ்வொன்றாக அழிப்பதே பயணத்தில் நேரும் தவறுகளில் மிகப் பெரியது. அந்தச் செயலி போனையும் இணையக் கணக்கையும் ஒரே தொகுப்பாகவே நடத்துகிறது. அதற்குள் நீங்கள் அழிக்கும் படம் இரண்டு இடங்களிலிருந்தும் போய்விடும். ஐபோனில் உள்ள ஆப்பிளின் ஐகிளவுட் போட்டோஸும் இப்படித்தான். பதிவேற்றப்பட்ட படங்கள் கூகுளின் குப்பைத்தொட்டியில் 60 நாட்களும், ஐகிளவுடில் ஏறத்தாழ 30 நாட்களும் கிடக்கும் என்பதால், தவறை அதற்குள் உணர்ந்தவர்கள் மீட்டுக்கொள்ளலாம். கூகுளில் போனின் இடத்தை மட்டும் காலியாக்கத் தனி வசதி உண்டு; ஏற்கெனவே பதிவேறிய படங்களை அது போனிலிருந்து மட்டுமே நீக்கும்.

பதிவேற்றம் தானாக நடந்துகொண்டிருக்கும் என்று எண்ணிச் சரிபார்க்காமல் விடுவதும் ஆபத்தானது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்தை ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. எதுவானாலும் இடம் நிரம்பினால் பதிவேற்றம் நின்றுவிடும். வைஃபை கிடைத்தால் மட்டும் பதிவேற்றும்படி அமைத்திருந்தால், நாள் முழுதும் எடுத்தவை அனைத்தும் போனிலேயே தேங்கி நிற்கும். ஆகவே இரவில் உறங்கப் போகுமுன், வேறொரு கருவியில் கணக்கைத் திறந்து அன்றைய கடைசிப் படம் வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேமராவில் எடுப்பவர்கள், மடிக்கணினிக்கு மாற்றிய கையோடு மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிடுகிறார்கள். அப்போதும் கையில் இருப்பது ஒரே நகல்தான். இரண்டாவது நகல் உருவாகும்வரை கார்டைத் தொடாமல் வைத்திருப்பதே நல்லது. கூடுதலாக ஒரு கார்டு வாங்கிக்கொள்ளும் செலவு, படங்களை இழப்பதன் முன் பெரிதல்ல. நகலெடுத்த பிறகு கோப்புகளின் எண்ணிக்கையும் மொத்த அளவும் இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து, சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால், உடனே அந்தக் கார்டில் படம் எடுப்பதை நிறுத்திவிடுங்கள்; அழித்த படத்தின் தரவு, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் கார்டிலேயே இருக்கும் என்பதால், மீட்பு மென்பொருள் அதைத் திரும்பப் பெற்றுத்தர வாய்ப்புண்டு.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்றாவது வேறிடத்தில் என்பது புகைப்படக் கலைஞர்கள் பின்பற்றும் விதி. கேமரா, மடிக்கணினி, வெளி ஹார்ட் டிஸ்க் மூன்றையும் ஒரே பையில் திணிப்பவர்கள் நகல்கள் பல வைத்திருந்தும் இந்த விதியின் பயனை இழக்கிறார்கள், ஏனெனில் பை களவுபோனால் எல்லாமே சேர்ந்து போகும். டிஸ்கை உடன் வருபவரின் பையில் வையுங்கள். கார்டுகள் உங்கள் உடலோடு இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பிய படங்களை நகலாகக் கணக்கிட வேண்டாம். ஆவணமாக அனுப்பினாலொழிய அவை சுருக்கப்பட்டே போய்ச் சேரும்.

கடைசியாக, பலர் எண்ணிப் பார்க்காத ஒன்று: போன் தொலைந்தால், இணையக் கணக்கைத் திறக்கத் தேவையான ஓடிபி வந்துசேர வேண்டிய சிம்மும் அதனுடனே தொலைகிறது. கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் ஓடிபிக்குப் பதிலாக, ஒவ்வொன்றும் ஒருமுறை மட்டும் பயன்படும் 10 மாற்றுக் குறியீடுகளைப் பெறலாம். புறப்படுமுன் அவற்றைத் தாளில் எழுதி, போன் இல்லாத வேறொரு பையில் வைத்துக்கொள்ளுங்கள்.