மலைக்குளிரில் பச்சைக் குழந்தை: முதல்முறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பவர்களுக்கு

மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் மார்கழி, தை மாதக் காலைகளில் சில நாள் புல்மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கும். அப்படியொரு காலையில், ஏதோ ஒரு லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) மூன்றாம் நாள் குழந்தையைப் பார்க்கப் போகும் செவிலிய மாணவிக்கும் வீடு தேடிப் போகும் சுகாதாரப் பணிக்குப் புதிதாகச் சேர்ந்த ஆஷா பணியாளருக்கும் இதை எழுதுகிறேன். பாடப்புத்தகம் தலையில் தொடங்கிக் காலில் முடியும். மலையில் அந்த வரிசை உதவாது. முதலில் மூச்சு, அடுத்து சூடு, மற்றவை பிறகு.

1. கை
வளையல், மோதிரம், கடிகாரத்தைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நன்றாக உலர்ந்ததும் உள்ளங்கைகளை உரசிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். கதவைச் சாத்தச் சொல்லுங்கள்.

2. மூச்சு
குழந்தையைத் தொடாதீர்கள். அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணுவது கணக்கில் சேராது. அமைதியாக இருக்கும்போது சட்டையை லேசாக உயர்த்தி வயிற்றைப் பாருங்கள். பச்சைக் குழந்தைக்கு வயிறுதான் ஏறி இறங்கும். நொடிமுள் ஒரு முழுச் சுற்று வரும்வரை எண்ண வேண்டும். 15 நொடி எண்ணி நாலால் பெருக்கும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். பிறந்த குழந்தை ஐந்து, பத்து நொடி மூச்சை நிறுத்திவிட்டு விறுவிறுவென்று இழுக்கும். அந்த இடைவெளியில் எண்ணினால் ஒரு கணக்கு, அடுத்த கணம் வேறு கணக்கு.

நிமிடத்துக்கு 40க்கு மேல், 60க்குள் இருந்தால் இயல்பு. 60ஐத் தொட்டாலோ தாண்டினாலோ மறுபடி எண்ணுங்கள். மீண்டும் அப்படியே இருந்தால் மற்ற சோதனைகளை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வேலையைப் பாருங்கள். மூச்சு விடும்போது முனகல், மூக்குத்துவாரம் விரிதல், நெஞ்சின் அடிப்பகுதி உள்ளிழுத்துக் குழிதல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியதுதான்.

3. சூடு
புறங்கையை முதலில் வயிற்றிலும் பிறகு பாதத்திலும் வையுங்கள். இரண்டும் கதகதப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிட்டது. இரண்டும் சில்லிட்டிருந்தால் ஆபத்து. பிறகு தெர்மாமீட்டரை அக்குளில் வைத்து, கையை உடம்போடு அணைத்துப் பிடியுங்கள். 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

குளிர்ந்த குழந்தை பால் உறிஞ்சாது. பால் போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். உடம்பு இன்னும் குளிரும். அதனால் பாதம் சில்லிட்டிருந்தாலே ஈரத்துணியை மாற்றி, குல்லாவும் காலுறையும் போட்டு, தாயின் வெற்று மார்பில் தோலோடு தோலாகப் படுக்கவைத்து, இருவருக்கும் சேர்த்துக் கம்பளி போர்த்துங்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் போதாத ஆஸ்பத்திரியில் தொடங்கிய கங்காரு பராமரிப்பு இதுதான். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் கரிச்சட்டி வைத்திருந்தால் தயங்காமல் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். அடைத்த அறையில் அந்தப் புகை உயிரைக் குடிக்கும். முதல் 24 மணி நேரம் குளியல் வேண்டாம். எடை குறைந்த குழந்தையை அதன் பிறகும் வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிட்டால் போதும்.

4. உடம்பு
உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, கண்ணில் சீழ் வடிகிறதா, தொப்புளைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். தொப்புளில் விபூதி, மஞ்சள், எண்ணெய் எதுவும் கூடாது. மார்பு வீங்கியிருந்தால் பிதுக்கவே கூடாது. தாயிடமிருந்து வந்த ஹார்மோனால் வந்த வீக்கம், தானே வடியும். மஞ்சள் காமாலையைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், லயத்து அறையின் மஞ்சள் பல்பில் அல்ல. ஜன்னலோரம் கொண்டுவந்து மூக்கு நுனியை அழுத்தி விடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், எந்த நாளிலும் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளித்தாலும் உடனே டாக்டர்.

5. எடை
துணியின் எடையைக் கழிக்க மறக்காதீர்கள். முதல் வாரத்தில் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கு வரை குறையலாம். அதைத் தாண்டினால் பால் குடிக்கும் விதத்தைப் பாருங்கள்.

6. பால்
வாய் அகலத் திறந்து, தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும். இங்கே பாட்டியோடு பேசாமல் காரியம் ஆகாது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் சேனை, அதாவது இனிப்பு நீர், குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பார்கள். பக்கத்து மலையாள வீட்டில் வயம்பும் (வசம்பு) பொன்னும் உரசித் தேனோடு கொடுப்பார்கள். இரண்டுமே வேண்டாம். "கூடாது" என்று முகத்தில் அடித்தாற்போல் சொன்னால் நீங்கள் போன பிறகு கொடுப்பார்கள். "பாட்டி, சேனையை உதட்டில் தொடாமல் பாதத்தில் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்கள்" என்றால் பெரும்பாலும் கேட்பார்கள்.

7. கிளம்பும் முன்
பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, துவண்டு கிடத்தல், மூச்சு வாங்குதல், சில்லிடுதல், காய்ச்சல். இந்த ஆபத்து அறிகுறிகளைத் தாயிடம் தமிழில் சொல்லி, அவரையே திருப்பிச் சொல்லவையுங்கள். மலையாளத்தில் எழுதிய குறிப்பு அவருக்குப் படிக்க வராமல் இருக்கலாம். 108 எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள். அடுத்து வரவேண்டியது 7, 14, 21, 28, 42ஆம் நாட்களில்.