விருந்தினர் வைஃபையில் ஆபீஸ் கணினியா? 445-ஆம் போர்ட்டைப் பூட்டும் முறை

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துபவரா நீங்கள்? வரவேற்பறைக் கணினியில் புக்கிங் ஃபோல்டரை ஷேர் செய்து, மாடி லேப்டாப்பில் திறக்கிறீர்களா? தங்க வருகிறவர்களுக்கும் அதே வைஃபைதானா? அப்படியானால் இது உங்களுக்குத்தான். கோடை விழா சமயத்தில் அந்த வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"ஃபோல்டருக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே" என்பீர்கள். எஸ்எம்பிலோரிஸ் என்ற ஓட்டைக்கு பாஸ்வேர்டு ஒரு பொருட்டே இல்லை. 2017-இல் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் இதைக் காட்டினார்கள். எஸ்எம்பி எனப்படும் விண்டோஸின் ஃபைல் ஷேரிங் முறை 445-ஆம் போர்ட்டில், அதாவது கணினிக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல் ஒன்றில், காத்திருக்கும். அங்கே இணைந்து, "பெரிய தகவல் வருகிறது" என்று நான்கே பைட்டில் சொன்னால் போதும். அந்த ஓர் இணைப்புக்கு 128 கேபி வரை நினைவகம் ஒதுக்கப்படும். தகவல் வரவே வராது. பஸ் சீட்டில் துண்டு போட்டுவிட்டு ஏறாமலே போவது மாதிரி. ஒரே ஐபியிலிருந்து, அதாவது நெட்வொர்க்கில் ஒரே முகவரியிலிருந்து, சுமார் 65,000 இணைப்புகள் போட்டால் 8 ஜிபி காலி. இந்த நினைவகத்தை டிஸ்க்குக்கு நகர்த்தவும் வழியில்லை என்பதால் கணினி உறைந்து நிற்கும். ஃபைல் எதுவும் திருடு போகாது. ஆனால் பில் போட முடியாது. எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி1-ஐ அணைத்தாலும் இது நிற்காது. ஓட்டையை அடைக்கும் பேட்ச் தரப்போவதில்லை என்று அப்போதே மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. ஆகவே, அந்தப் போர்ட்டை யார் தொடலாம் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

முதலில் ரவுட்டர். செட்டிங்ஸில் கெஸ்ட் நெட்வொர்க்கை இயக்கி, உள் நெட்வொர்க்கை அணுகும் அனுமதியை எடுத்துவிடுங்கள். விருந்தினருக்கு இனி கெஸ்ட் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டு மட்டும். இதுவரை கொடுத்துவந்த வைஃபையின் பாஸ்வேர்டை மாற்ற மறக்காதீர்கள். போன வருடம் வந்தவரின் போனில் அது இன்னும் இருக்கும். வெளி இணையத்திலிருந்து உள்ளே வழிவிடும் போர்ட் ஃபார்வேர்டிங்கில் 445 இருந்தால் உடனே நீக்குங்கள். என்னைக் கேட்டால் பாதி வேலை இதிலேயே முடிந்தது.

அப்புறம் மாடி லேப்டாப்புக்கு ரவுட்டரிலேயே மாறாத ஐபி ஒதுக்குங்கள். வரவேற்பறைக் கணினியில் விண்டோஸ் ஃபயர்வாலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அதில் இன்பவுண்ட் ரூல்ஸ். 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங், எஸ்எம்பி-இன்' என்ற விதி பிரைவேட், பப்ளிக் என்று ஒன்றுக்கு மேல் இருக்கும். பப்ளிக் விதி இயக்கத்தில் இருந்தால் அணையுங்கள். பிரைவேட் விதியைத் திறந்து, ஸ்கோப் பகுதியில் ரிமோட் ஐபிக்குக் கீழே லேப்டாப்பின் ஐபியை மட்டும் விடுங்கள். 'லோக்கல் சப்நெட்' என்று ஏற்கெனவே இருந்தால் நீக்க வேண்டும். அது இருக்கும்வரை அதே நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கதவு திறந்தே இருக்கும்.

விண்டோஸ் அப்டேட்டையும் ஓட்டிவிடுங்கள். போலி சர்வரோடு இணைகிற கணினியையே நீலத்திரைக்குத் தள்ளும் வேறொரு எஸ்எம்பி ஓட்டைக்கு 2017 மார்ச்சிலேயே பேட்ச் வந்துவிட்டது.

சரி, சோதித்துப் பார்க்கலாம். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் போனில் நெட்வொர்க்கில் ஷேர் செய்த ஃபோல்டரைத் திறக்கக்கூடிய ஃபைல் மேனேஜர் ஆப்பைத் திறந்து வரவேற்பறைக் கணினியின் ஐபியைக் கொடுங்கள். இணையக் கூடாது. மாடி லேப்டாப்பில் ஃபோல்டர் திறக்க வேண்டும். திறக்கவில்லையா? ஸ்கோப்பில் கொடுத்த ஐபியும் லேப்டாப்பின் இப்போதைய ஐபியும் ஒன்றுதானா என்று பாருங்கள்.