மாற்றுத்திறனாளி கொடுப்பனவு மேன்முறையீடு "மீள்பரிசீலனைக்கு" எண்டு திரும்பி வந்தா

கடிதத்தைக் கண்ட உடன இனிச் சரிவராது எண்டு பைலை றங்குப்பெட்டிக்குள்ள போட்டிடாதேங்கோ. மாட்டம் எண்டு சொல்லேல்ல, ஏதோ ஒரு கேள்விக்கு எங்கட பைலில பதில் இல்லை, அவ்வளவுதான். மாசம் 7500 ரூபா எண்டிருந்தது 2025இல 10000 ஆகீட்டுது, விட்டிட்டு இருக்கிற காசில்ல.

முதல்ல அது எந்தக் கேள்வி எண்டு பிடியுங்கோ. கடிதம் சிங்களத்தில வந்தா தமிழில தாங்கோ எண்டு கேளுங்கோ, வடக்கில நிர்வாக மொழி தமிழ்தானே, என்ன வெக்கம். காரணம் எழுதாட்டி டீஎஸ் ஒபிசில, அதுதான் பிரதேச செயலகத்தில, சமூக சேவை உத்தியோகத்தரிட்டக் கேளுங்கோ, அங்கயும் மழுப்பினா தகவல் அறியும் உரிமை விண்ணப்பம் ஒண்டு குடுங்கோ, தருவமோ மாட்டமோ எண்டு 14 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லோணும், 2016ஆம் ஆண்டுச் சட்டம் அது.

எங்கட சித்தப்பான்ர பைல் திரும்பினது மருத்துவ அறிக்கையால. பழைய துண்டில ஒரு வரிதான், செல் காயம், ஆறிட்டுது. ஆறினது தோல், தொடைக்குள்ள செல் பீஸ் இன்னும் கிடக்குது, எக்ஸ்ரேயை ஜன்னலுக்கு நேர பிடிச்சா குறுணி அரிசி எறிஞ்ச மாதிரித் தெரியும். திருப்பி கிளினிக்குக்குப் போகேக்க கொப்பித்தாளில எழுதிக் குடுத்து விட்டனான்: குந்தேலாது, வரம்பில பத்து நிமிசம் நடந்தா கால் விறைக்குது, யூரியா பாக் தூக்கேலாது. டொக்டர் ஒவ்வொண்டாச் சோதிச்சுப் பாத்து அறிக்கையில எழுதினார். காயம் எப்பிடிப் பட்டது எண்டதை விட இப்ப என்ன செய்யேலாது, இது நிரந்தரமோ எண்டதுதான் அங்க தேவை.

2009 யுத்தத்துக்குள்ளால உடுத்த உடுப்போட வந்த ஆக்கள் பழைய ஆஸ்பத்திரி டிக்கெட்டுக்கு எங்க போறது? புதுமாத்தளனில இருந்து காயத்தோட கப்பலில போன ஆக்கள் திருகோணமலை, புல்மோட்டைப் பக்கம் இறங்கினவை, வைச்சிருந்த ஆஸ்பத்திரியின்ர பதிவுப் பகுதியில பேரும் மாசமும் சொல்லிக் கேட்டுப் பாருங்கோ. செயற்கைக் கால் போட்ட ஆக்கள் கால் செய்து தந்த இடத்தில கடிதம் எடுக்கலாம். ஒண்டுமில்லாட்டி ஜேபியிட்ட, அதுதான் சமாதான நீதவானிட்ட, சத்தியக்கடதாசி முடிச்சு, கூடவே புது மருத்துவ அறிக்கையும் வையுங்கோ.

ஒறிஜினல் ஒண்டையும் குடுக்காதேங்கோ. உங்கட கையில வைச்சிருக்கிற போட்டோக்கொப்பியில திகதியோட சீல் வாங்குங்கோ, தபாலில எண்டா பதிவுத்தபால், அந்தத் துண்டைப் பத்திரமா வையுங்கோ.

விசாரணைக்குக் கூப்பிட்டா எப்பிடி நடக்கிறீங்களோ அப்பிடியே போங்கோ. சித்தப்பா நல்ல சேட்டைப் போட்டு, பொல்லை ஒபிஸ் கேற்றடியில சாத்திப்போட்டு நிமிந்து நடக்கப் பாத்தார், ஆக்கள் பாவம் பாக்கிறது பிடிக்காதாம். நான் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கையில குடுத்தனான், உள்ள போகும் வரைக்கும் என்னோட கதைக்கேல்ல.