போன் வாங்கும்போது ரேமுக்கு முன்னால் இதைப் பாருங்கள்

பத்தாயிரம், பதினைந்தாயிரம் ரூபாய் அளவில் போன் வாங்கப் போகிறீர்களா? ரேம் எத்தனை ஜிபி என்று கேட்பதற்கு முன், ஸ்டோரேஜ் எந்த வகை என்று பாருங்கள். இஎம்எம்சி (eMMC), யூஎஃப்எஸ் (UFS) என இரண்டு வகை உண்டு. கையில் இருக்கும் பணத்துக்குள் யூஎஃப்எஸ் கிடைத்தால் அதையே எடுங்கள், ரேம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

விலை குறைந்த போன்களில் வரும் இஎம்எம்சி, ஒரு நேரத்தில் தகவலைப் படிக்கும் அல்லது எழுதும். இரண்டையும் சேர்த்துச் செய்யாது. அதன் 5.1 பதிப்பின் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான். யூஎஃப்எஸ் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யும். அதனால் பின்னணியில் ஆப் அப்டேட் ஓடும்போதும் போன் திணறுவது குறைவு. அப்புறம், பெட்டியில் ரேம் '4+4 ஜிபி' என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அந்த இரண்டாவது 4 ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ஸ்டோரேஜே மெதுவானது என்றால் அந்தக் கடனால் என்ன பயன்?

பெட்டியில் இந்த விவரம் பெரும்பாலும் இருக்காது. நிறுவனத்தின் இணையதளத்திலோ, போன்களின் விவரங்களைத் தரும் ஜிஎஸ்எம்அரீனா (GSMArena) தளத்தின் 'மெமரி' பகுதியிலோ தேடுங்கள்.

அழைப்பு, வாட்ஸ்அப், எப்போதாவது ஒரு யூடியூப் வீடியோ என்று இருக்கும் பெரியவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவர்களுக்கு இஎம்எம்சி போதும். மிச்சப் பணத்தில் பெரிய பேட்டரி உள்ளதாகப் பார்க்கலாம். பழைய போனை செகண்ட் ஹேண்டில் வாங்குவதென்றால், ஸ்டோரேஜை விட பேட்டரியின் நிலையும் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்பதும்தான் முக்கியம்.