உங்கள் ஊராட்சி மாநகராட்சியோடு சேரப்போகிறதா? முதலில் தாள்களை எடுத்து வையுங்கள்

மதுரைக்கு வெளியே ஓர் ஊராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். 2011-ல் அந்த ஊராட்சி மாநகராட்சிக்குள் போனது. அந்த வருஷம் மதுரையோடு 3 நகராட்சி, 3 பேரூராட்சி, 11 ஊராட்சி சேர்ந்தன. 72 ஆக இருந்த வார்டுகள் 100 ஆயின. நானும் கடையும் இடம் மாறவில்லை. ஆனால் சேர்வதற்கு முந்தின சில மாதங்களிலும் பிந்தின நாலைந்து வருஷங்களிலும் எங்கள் ஊர்க்காரர்களின் பத்திரம், ரசீது, பட்டா என்று அத்தனையும் என் மேஜை மேல்தான் வந்து போயின. யாருக்கு எந்தத் தாள் இல்லாமல் எங்கே நின்றது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

2025 ஜனவரியில் 16 மாநகராட்சிகளோடு 149 ஊராட்சிகளைச் சேர்க்க அரசு ஆணை வந்ததிலிருந்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் அதே கேள்விகளோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

எல்லோரும் முதலில் கேட்பது, "தங்கச்சி, நம்ம இடம் நம்ம கைய விட்டுப் போயிருமா?" என்பதுதான். போகாது. எல்லை மாறுவதால் சொத்து யாருடையது என்பது மாறாது. பத்திரம் செல்லும், பட்டா செல்லும். யாருக்கு வரி கட்டுவது, யாரிடம் கட்டட அனுமதி வாங்குவது, தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்பவைதான் மாறும்.

இன்னொரு பக்கம், சீக்கிரம் சேர்ந்தால் போதும் என்று வருகிறவர்களும் உண்டு. ஓர் அண்ணாச்சி, "எங்க பிளாட்டு மாநகராட்சி எல்லையத் தொட்டாப்புல இருக்கும்மா, அதை மட்டும் சேத்துக்கிடச் சொல்லி ஒரு மனு அடிச்சுக் குடு" என்றார். வேறு நாடுகளில் வீட்டுக்காரரே மனுக் கொடுத்துத் தன் நிலத்தை நகரத்தில் சேர்க்கிற முறை இருக்கிறது. நம் ஊர் நடைமுறை அப்படியில்லை. இங்கே அரசு அறிவிக்கை வழியாகப் பெரும்பாலும் ஊராட்சி முழுவதையும் சேர்ப்பார்கள். தனி மனைக்காரர் செய்யக்கூடியது, கிராம சபையில் தீர்மானம் வரப் பாடுபடுவதும் அறிவிக்கை வந்தபின் கருத்தை எழுத்தில் கொடுப்பதும்தான்.

அறிவிக்கை வந்தவுடன்

முதல் அறிவிக்கை என்பது முடிவு அல்ல. சேர்க்க உத்தேசம் என்று சொல்லி, ஆட்சேபனையோ ஆலோசனையோ இருந்தால் எழுதச் சொல்வார்கள். எந்த முகவரிக்கு, எந்த நாளுக்குள் என்பது அதிலேயே இருக்கும். அதன் நகலை வாங்குங்கள். வாட்ஸப்பில் சுற்றும் பட்டியலை நம்பி உட்காராதீர்கள். உங்கள் ஊராட்சியின் பெயரும், அதற்குள் அடங்கும் வருவாய்க் கிராமங்களின் பெயரும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரே ஊராட்சிக்குள் இரண்டு வருவாய்க் கிராமங்கள் இருப்பதுண்டு. எந்தப் புல எண்கள் (சர்வே நம்பர்) உள்ளே வருகின்றன என்பதுதான் உங்கள் எல்லை.

மனு எழுதும்போது "எங்களுக்கு வேண்டாம்" என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அரசியலமைப்பின் 243கியூ பிரிவு, ஓர் இடத்தை நகர்ப்புறமாக அறிவிக்கப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்கிறது: மக்கள் தொகை, நெருக்கம், உள்ளாட்சியின் வருவாய், விவசாயம் அல்லாத வேலையில் இருப்பவர்களின் பங்கு, பொருளாதார முக்கியத்துவம். உங்கள் மனு இவற்றுக்குப் பதில் சொல்லட்டும். எத்தனை ஏக்கர் நஞ்சை இன்னும் கண்மாய்ப் பாசனத்தில் இருக்கிறது, எத்தனை குடும்பம் விவசாயக் கூலியில் இருக்கிறது, எத்தனை பேரிடம் நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். சேர வேண்டும் என்பவர்களும் அப்படியே: எத்தனை வீடு, எத்தனை தெரு, குப்பை எங்கே கொட்டப்படுகிறது, குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எழுத வேண்டும். ஒரே மனுவை நூறு நகல் எடுத்துக் கையெழுத்து மட்டும் மாற்றி அனுப்புவதைவிட, ஒவ்வொரு தெருவும் தன் கணக்கோடு ஒரு மனு அனுப்புவது மேல் என்பது என் அனுபவம். தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். ஒரு நகலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரையும் தேதியும் இல்லாத நகல் பின்னால் உதவாது.

இங்கே மனை வாங்கிக் குடிவந்த என்னைப் போன்றவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு மாநகராட்சி என்றால் நல்ல ரோடு, குப்பை வண்டி. காலனியில் இருக்கிற அக்காமாருக்கு அது நூறு நாள் வேலை நின்றுபோவது. அந்தத் திட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்கு மட்டும். ஊர் நகரமானால் அட்டை செல்லாது. 2011-ல் நான் இதை யோசிக்கவே இல்லை. மனுவில் கையெழுத்து வாங்க நாங்கள் தெருத் தெருவாகப் போனபோது காலனிக்குப் போகவில்லை. பிறகு ஒரு அக்கா கடைக்கு வந்து, "எங்களையும் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல தாயி" என்றார். நீங்கள் ஆதரித்து எழுதினாலும் எதிர்த்து எழுதினாலும் அவர்களைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். நிலுவைக் கூலி இருந்தால் ஊராட்சி இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். அட்டையில் வருகை பதிந்த பக்கங்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

தாள்கள்

ஊராட்சியில் நம்மைத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். "செல்லத்தாய் வீட்டுக்கு மேக்கால" என்றால் வரி போட்டுவிடுவார்கள். மாநகராட்சியில் உங்கள் வீடு என்பது ஒரு வரிவிதிப்பு எண். ஊராட்சிப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் அங்கே போகும். அதனால் அலுவலகத்தில் சாவி மாறுவதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்.

வீட்டு வரியை நிலுவையில்லாமல் கட்டி ரசீது வாங்குங்கள். கையிலுள்ள பழைய ரசீதுகளில் கடைசி ஐந்தாறு வருஷத்தையாவது ஒன்றாகக் கட்டி வையுங்கள். பிறகு, யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று ஊராட்சியில் எழுதிவைத்திருக்கும் கேட்புப் பதிவேட்டில் உங்கள் வரி எண்ணுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். எங்கள் வீட்டில் என் மாமனார் பெயரே இருந்தது. அவர் இறந்து அப்போதே எட்டு வருஷம். ரசீது அவர் பெயரில் வருவதை நாங்கள் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சேர்ந்தபின் பெயர் மாற்றப் போனபோது இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கொழுந்தன்மார் சம்மதம் என்று ஒவ்வொன்றாகத் திரட்ட ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதை முன்னாலேயே செய்திருக்கலாம்.

குடிநீர் இணைப்புக்கு டெபாசிட் கட்டிய ரசீது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதாக ஊராட்சியில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தெருக்குழாயிலிருந்து தானே இழுத்துக்கொண்ட இணைப்பு என்றால் இப்போதே முறைப்படுத்துங்கள்.

கட்டட அனுமதியும் வரைபடமும் இருந்தால் நல்லது. பின்னால் மாடியில் ஓர் அறை போட்டிருப்பீர்கள், அது வரைபடத்தில் இருக்காது. அதை மறைக்க வேண்டாம். வரி போட அளக்க வரும்போது தெரியத்தான் போகிறது.

மனைப் பிரிவு (லேஅவுட்) அங்கீகாரம் தனிக் கதை. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்ற மனைகள் நம் பக்கம் ஏராளம். ஊராட்சி முத்திரை மட்டும் இருந்தால் அது மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. 2016 அக்டோபர் 20 வரை உருவாகி, ஒரு மனையாவது விற்கப்பட்ட பிரிவுகளை வரைமுறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. உங்கள் மனை அதில் வரைமுறையானதா என்று பாருங்கள். இல்லையென்றால் தள்ளிப்போடாதீர்கள். நகர எல்லைக்குள் வந்தபின் வீடு கட்ட அனுமதிக்குப் போகிற நாளில் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது பூங்கா இடம். இதைப் பற்றி மட்டும் நான் மணிக்கணக்கில் பேசுவேன். அங்கீகரித்த மனைப்பிரிவு என்றால் சாலைகளையும், பெரிய பிரிவாக இருந்தால் பூங்கா போன்றவற்றுக்கான பத்தில் ஒரு பங்கு பொது ஒதுக்கீட்டு இடத்தையும் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுக்க வேண்டும். வரைபடத்தில் பச்சையாகக் காட்டியிருப்பார்கள், பத்திரம் எழுதியிருக்க மாட்டார்கள். நாள் போனால் அந்த இடத்துக்கு ஒருவர் கிரையப் பத்திரத்தோடு வந்து நிற்பார். எங்கள் தெருவில் நாங்கள் தப்பித்தது, என் கடைக்கு வந்த ஒரு தாத்தா பூங்காவின் புல எண்ணுக்கு வில்லங்கம் (அந்த இடத்துக்குப் பதிவான பத்திரங்களின் பட்டியல்) போட்டுப் பார்த்ததால்தான். தானப் பத்திரம் பதிவாகவே இல்லை. பிரிவு போட்டவரைத் தேடிப் பிடித்து, ஊராட்சி இருந்தபோதே எழுத வைத்தோம். இன்று அந்த இடத்தில் இரண்டு வேப்பமரமும் ஒரு ஊஞ்சலும் இருக்கின்றன.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். மனைப்பிரிவு வரைபட நகலை வாங்கி, பூங்காவுக்கும் சாலைகளுக்கும் உரிய புல எண்ணில் வில்லங்கச் சான்று எடுங்கள். தானப் பத்திர எண் கிடைத்தால் சான்றிட்ட நகல் வாங்கிக் குடியிருப்போர் சங்கத்தில் வையுங்கள். சாலை ஒப்படைக்கப்படாமல் இருந்தால், தார் போடச் சொல்லி மனுக் கொடுக்கும்போது "அது தனியார் சாலை" என்று பதில் வரும். ஊராட்சியில் நகல் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். ஊருணி, சுடுகாடு, களம் போன்ற பொது இடங்களின் புல எண்களையும் அதே மனுவில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலத்தில்) வீடு இருப்பவர்கள் கையிலிருப்பது தற்காலிகமான தோராயப் பட்டாவா, இறுதியான தூய பட்டாவா என்று பாருங்கள். தோராயம் என்றால் தாசில்தார் அலுவலகத்துக்கு இப்போதே நடக்க வேண்டியதுதான்.

வரி

வரி கூடும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல முடியாது. எங்களுக்குச் சில காலம் பழைய வரியே ஓடியது, பிறகு ஏறியது. ஊராட்சியில் வருஷத்துக்கு ஒருமுறை கட்டினோம். இங்கே ஏப்ரலில் தொடங்கி ஓர் அரையாண்டு, அக்டோபரில் தொடங்கி இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், தள்ளுபடி உண்டு. ஏப்ரல் 30, அக்டோபர் 30 இரண்டையும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

வீட்டின் பரப்பு எத்தனை சதுர அடி என்பது முக்கியம். 2022 சொத்து வரிச் சீராய்வில் மதுரை போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். 1,190 அடியும் 1,210 அடியும் ஒன்றல்ல என்று இதிலிருந்தே தெரியும். டேப் பிடித்து நீங்களே அளந்து, தளம் தளமாக எழுதி, அந்தத் தாளோடு சுயமதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புங்கள். சொந்தக் குடியிருப்பு, வாடகை, கடை மூன்றுக்கும் விகிதம் வேறு. முன்னறையில் சிறிய கடை இருந்தால் அந்த அறையின் பரப்பை மட்டும் தனியாகக் காட்டுங்கள்.

காலி மனைக்கு ஊராட்சியில் நாங்கள் எதுவும் கட்டியதில்லை. நகரத்தில் காலிமனை வரி உண்டு. வெளியூரில் இருக்கிற மனைக்காரர்கள் இதை அறியாமல் வருஷக்கணக்கில் விட்டுவிட்டு, வீடு கட்ட வரும்போது மொத்தமாகக் கட்டுகிறார்கள். பக்கத்து மனைக்காரரின் போன் எண் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பாதாள சாக்கடை சேர்ந்த மறுவருஷமே வந்துவிடும் என்று எண்ணி செப்டிக் டேங்கை மூடிவிடாதீர்கள். பல பகுதிகளுக்கு அது பத்து வருஷம் கழித்துத்தான் வந்தது.

நகர நில அளவை

இது உடனே வராது. சில வருஷம் கழித்து, எல்லோரும் மறந்திருக்கும் நேரத்தில் வரும். கிராமப் புல எண்ணுக்குப் பதிலாக வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று உங்கள் மனைக்குப் புது எண் விழும். பழைய பத்திரத்தில் ஓர் எண், பதிவேட்டில் இன்னோர் எண் என்று ஆகும். பழைய எண்ணுக்குப் புது எண் இதுதான் என்று காட்டும் ஒப்பீட்டுத் தாளைக் கேட்டு வாங்கிப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். விற்கும்போதும் வங்கிக் கடனுக்கும் அது இல்லாமல் நகராது.

அளக்க வருகிற நாளில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் அன்று ஒரு நாள் விடுப்பு எடுங்கள், காலி மனைக்காரர்கள் நேரில் வாருங்கள். எல்லைக்கல் மண்ணுக்குள் போயிருந்தால் முந்தின நாளே தோண்டி வெளியே தெரியும்படி வையுங்கள். பத்திர நகல், பட்டா நகல், கடைசி வரி ரசீது மூன்றையும் கையில் கொடுங்கள். யாரும் இல்லாத மனை பழைய உரிமையாளர் பெயரிலேயே பதிவாகிவிடலாம். வரைவு நோட்டீஸ் வந்ததும் பெயர், பரப்பு, நான்கு பக்க அளவு எல்லாவற்றையும் பத்திரத்தோடு ஒத்துப் பாருங்கள். தவறிருந்தால் நோட்டீஸில் போட்டிருக்கிற நாளுக்குள் எழுதிக் கொடுத்து, உங்கள் நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.